கையெழுத்து யாருடையது?

நான் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்த காலத்தில், ஒரு சிறிய ஸ்டேஷனிலிருந்து பழைய ஆலைக்குப் பிரிந்து செல்லும் சைடிங் ஒன்றை மாற்றி அமைக்க வேண்டி வந்தது. ஆலை மூடிப் பல வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தத் தண்டவாளம் ரயில்வேயுடையதா, ஆலையுடையதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஒப்பந்தத் தாளைத் தேடியே எட்டு மாதம் போயிற்று. ஆட்சேபித்தவர் யாருமில்லை, இருந்தும் ஒரு போல்ட்டைக்கூட எங்களால் தொட முடியவில்லை.

போன தீபாவளிக்கு நாக்பூர் வந்திருந்த மாப்பிள்ளையிடம் இதைச் சொன்னேன். பெங்களூரில் லினக்ஸ் வேலை பார்ப்பவர். "மாமா, எங்க தொழில்லயும் இதே மாதிரி ஒரு சைடிங் கதை இருக்கு" என்றார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

டெபியன், ஃபெடோரா போன்ற குழுக்கள் ஆயிரக்கணக்கான புரோகிராம்களைத் தொகுத்து இலவசமாக வழங்குகின்றன. பெறுபவர் அதன் சோர்ஸ் கோடைப் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்பதே அவர்கள் கொள்கை. டெபியன் குழு இதை 1997லேயே விதிகளாக எழுதி வைத்துவிட்டது.

இதற்கெல்லாம் முன்பு, 1980களில், அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கம்பெனி ஆர்.பி.சி. என்ற புரோகிராமின் சோர்ஸ் கோடை வெளியிட்டது. ஸ்டேஷன் மாஸ்டர் பிளாக் கருவியில் மணியடித்து அடுத்த ஸ்டேஷனைக் கேட்டு, பதில் வந்த பிறகு வண்டியை விடுகிறார் அல்லவா? அதுபோல, ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டரிடம் வேலை சொல்லிப் பதில் வாங்கும் முறை அது. உபயோகமான சரக்கு என்பதால், இந்த லினக்ஸ் தொகுப்புகளுக்கெல்லாம் அடித்தளமான ஜி-லிப்-சி என்ற நூலகத்திலும் அது இடம்பிடித்தது.

அதன் தலைப்பில் இருந்த குறிப்பில்தான் சிக்கல். காசில்லாமல் நகலெடுக்கலாம், திருத்தலாம். ஆனால் பிறருக்குக் கொடுப்பதானால், நீங்களே உருவாக்கிய ஒரு புரோகிராமின் பகுதியாக மட்டும் கொடுக்கலாம் என்ற பொருளில் இருந்தது அது. எழுதியவர்களின் எண்ணம் தாராளமானதுதான். ஆனால் ஆர்.பி.சி. பகுதியை மட்டும் தனியே எடுத்துத் திருத்தி நண்பருக்குக் கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டால், டெபியன்காரர்களால் "தாராளமாக" என்று சொல்ல முடியவில்லை. பிடுங்கி எறியலாமென்றால், அதை நம்பி ஓடும் புரோகிராம்கள் நிற்கும்.

சரியான வழி ஒன்றுதான்: உரிமையாளரிடமே கேட்டு எழுதி வாங்குவது. ரெட் ஹாட் கம்பெனியைச் சேர்ந்த டாம் காலவே போன்றவர்கள் விடாமல் முயன்றார்கள். 2009 பிப்ரவரியில் சன் கம்பெனி இசைந்து, கட்டுப்பாடு குறைந்த பி.எஸ்.டி. உரிமத்துக்கு மாற்றியது. அதிலும் சில பிரதிகள் விடுபட்டுப் போயின. அதற்குள், 2010 ஜனவரியில், சன் கம்பெனியையே ஆரக்கிள் வாங்கிவிட்டது. மறுபடி புது முதலாளியிடம் நடந்து, 2010 ஆகஸ்டில் மீதிக்கும் அனுமதி பெற்றார்கள். சன் கம்பெனிக்கு வாரிசு இருந்ததால் பிழைத்தது. எங்கள் ஆலையைப் போல இழுத்துப் பூட்டியிருந்தால் யாரிடம் போய் நிற்பது?

2020ல் ஜி-லிப்-சி நூலகத்திலிருந்து அந்தப் பழைய பகுதி நீக்கப்பட்டது. அதன் வேலையை இப்போது வேறொரு நூலகம் செய்கிறது. ஆனால் அது ஓய்வு பெறும்வரை நாணயமாக ஓடியது அந்த ஒரு கையெழுத்தினால்தான்.

இதைப் படித்ததும் நம் சங்கத்து அலமாரி ஞாபகம் வந்தது. மறைந்த அன்பர்கள் எழுதிய நாடகப் பிரதிகள் எத்தனை அதில் இருக்கின்றன! பொங்கல் விழாவுக்கு எடுத்து, வெட்டி ஒட்டி நடிக்கிறோம். "எடுத்துக்கோங்க சார்" என்று அவர்கள் வாயால் சொன்னது நமக்குத் தெரியும். நமக்குப் பின் வருபவர்களுக்கு எப்படித் தெரியும்?

நான் எழுதிய இரண்டு ஓரங்க நாடகங்களின் முதல் பக்கத்தில், யாரும் நடிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று எழுதித் தேதியோடு கையெழுத்திட்டுவிட்டேன். பேனா சங்க அலுவலக மேஜையிலேயே இருக்கிறது. மற்ற அன்பர்களும் வரலாம்.