கணிப்பொறியும் கடைமடையும்

கம்பம் பள்ளத்தாக்கினர்க்கு மடையின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895-ஆம் ஆண்டு முதல் இங்கு வருகின்றது. மடை உரிய வேளையில் திறக்கப்படுதல் ஒன்று. நீர் கடைமடை வயலை எய்துதல் மற்றொன்று. கணிப்பொறியில் தரவுத்தளத்தைத் தானாகவே பிரதியெடுக்கும் ஏற்பாடும் இத்தன்மையதே.

கல்லூரியொன்றின் மதிப்பெண் பதிவேடு லினக்ஸ் பொறியொன்றில் இருப்பதாகக் கொள்வோம். யூனிக்ஸ் வழிவந்த இத்தகைய பொறிகளில் கிரான் என்னும் நிரல் மடைதிறப்போன் போன்றது. அதற்கு ஒரு வரி எழுதிக் கொடுத்தல் போதும். அவ்வரியின் முகப்பில் ஐந்து இடங்கள் உண்டு: நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. முதலிரண்டில் 30, 2 என இட்டு, ஏனைய மூன்றிலும் உடுக்குறி வைப்பின், நாடோறும் பின்னிரவு இரண்டரை மணிக்கு அவ்வரியிலுள்ள கட்டளை நிறைவேறும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமாயின், பிஜி-டம்ப் என்னும் கருவியை அங்கே குறிப்பிடுவர். அது தரவு முழுவதையும் ஒரு கோப்பாக எழுதி வைக்கும்.

இதில் புதியோரை இடறச் செய்வது விழுக்காட்டுக் குறி. கோப்பின் பெயரில் தேதி சேர்க்க அக்குறி வேண்டும்; கிரானோ அதனைக் கண்டவிடத்தே கட்டளை முடிந்ததெனக் கொள்ளும். குறியின் முன்னே பின்சாய்கோடு இடுதல் வேண்டும். கையால் இயக்குங்கால் எல்லாம் செவ்வனே நடக்குமாதலின், இப்பிழை எளிதிற் புலப்படாது. மேலும், ஆடிக்காற்றில் மின்சாரம் அற்று அவ்வேளையில் பொறி நின்றிருந்தால், கிரான் தவறிய வேலையைப் பின்னர்ச் செய்வதில்லை. அதற்கு அனாகிரான் என்னும் வேறொரு நிரல் உண்டு.

2017 ஜனவரி 31-ஆம் நாள் கிட்லாப் என்னும் நிறுவனத்தில் நிகழ்ந்ததைக் கேண்மின். பொறியாளர் ஒருவர் தவறான பொறியில் அழிப்புக் கட்டளை கொடுத்தார். ஏறக்குறைய 300 கிகாபைட் தரவு மறைந்தது. பிரதியைத் தேடினர், வைப்பிடம் வெறுமையாயிருந்தது! தரவுத்தளம் 9.6-ஆம் பதிப்பு, பிஜி-டம்ப்போ 9.2-ஆம் பதிப்பு. ஆதலின் பிரதியெடுப்பு ஒவ்வொரு முறையும் தோல்வியுற்றது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் உரியவரை எட்டாமலே தள்ளப்பட்டன. மடை தவறாது திறந்தது. கடைமடையோ வறண்டு கிடந்தது. வேறொரு காரியத்தின் பொருட்டு ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்து வைத்த நகலே அவர்களைக் காத்தது. அதற்குப் பின் பதிவானவை மீளவில்லை.

ஆகவே, பிரதி வேறொரு பொறியில், இயலுமாயின் வேறோர் ஊரில் இருத்தல் நலம். திங்கள் ஒரு முறையேனும் அதனை வெற்றுப் பொறியொன்றில் ஏற்றி, நாம் நன்கறிந்த மாணவர் ஒருவரின் மதிப்பெண்ணைத் தேடிப் பார்ப்போமாக.