பாதி லொறிக்கு முழு வாடகை ஏன்?

தோட்டத்தில் விளைந்தது படலையடியிலேயே மலிவாக விலைபோவதை வன்னியில் நாம் அடிக்கடி காண்கிறோம். 25 மூடை கத்தரியும் பூசணியும் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸில் ஏற்ற அது அதிகம். லொறியை நிரப்பவோ போதாது. எனவே, வாசலுக்கு வரும் வியாபாரி சொல்வதே விலையாகிவிடுகிறது.

முழு லொறியையும் பிடித்தால் என்ன? 100 மூடை கொள்ளும் லொறியில் 25 மூடையை மட்டும் ஏற்றினால், ஒரு மூடைக்கு நான்கு மடங்கு கூலி விழும். நான்கு குடும்பங்கள் இடத்தைப் பங்கிட்டால், ஒவ்வொருவரும் தமது மூடைக்குரிய கூலியை மட்டும் கொடுத்தால் போதும்.

2002 இல் ஏ-9 வீதி திறந்தபோதும், ஓமந்தையில் சரக்கை இறக்கிச் சோதித்து மீண்டும் ஏற்ற வேண்டியிருந்ததை எம்மவர் மறக்கவில்லை. 2006 இல் அவ்வீதி மூடப்பட்டு, 2009 இல் மீண்டும் திறந்தது. கிளிநொச்சியில் மாலையில் ஏற்றும் மரக்கறி, 1999 இல் தொடங்கப்பட்ட தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தை விடியுமுன் அடையலாம். ஆனால் நிரம்பாத லொறிக்கு அந்த வீதியால் பயனில்லை.

பங்கு லொறியில் அனுப்புவோர் சிலவற்றை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

கூலி மூடைக்கா, நிறைக்கா? செத்தல் மிளகாய் இடத்தைப் பிடிக்கும், நிறை குறைவு, நெல் அவ்வாறல்ல.

ஒவ்வொருவரின் மூடையிலும் வேறுவேறு நிறக் கயிறு கட்டி, எண்ணிக்கையைத் துண்டில் எழுதிச் சாரதியிடம் கையொப்பம் வாங்க வேண்டும்.

பாரமானவை அடியிலும் கத்தரி மேலேயும் இருக்கட்டும். பழுத்த பப்பாசியைக் கீரையோடு ஏற்றினால், பழத்திலிருந்து வரும் வாயு கீரையை மஞ்சளாக்கிவிடும். முதலில் இறங்க வேண்டியதைக் கடைசியில் ஏற்ற வேண்டும்.

மிக முக்கியமானது புறப்படும் நேரம். நெல்லும் கச்சானும் லொறி நிரம்பும்வரை காத்திருக்கும், கத்தரி காத்திருக்காது. ஒருவர் பிந்தினால் மற்ற மூவரின் உழைப்பும் வாடிப்போகும். எனவே நாளையும் நேரத்தையும் குறித்து, பிந்தியவருக்காகக் காத்திருப்பதில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொள்வது நல்லது.

ஒட்டுசுட்டான் பக்கத்தார் மாங்குளம் சந்தியில் சரக்கைச் சேர்க்கலாம். வட்டக்கச்சியார் கிளிநொச்சியில் சேர்க்கலாம். அடுத்த அறுவடைக்கு முன்னர் அயலவர் நால்வராவது கூடி இதைப் பேசுவோமா?