பொதியில் வந்த விமானம்

பிள்ளைப் பருவத்து விளையாட்டுப் பொருள்களை இருவகையாகப் பிரித்தல் வழக்கம். ஒன்று முழுமை பெற்று வருவது. பெட்டியைத் திறந்ததும் உருட்டவோ சுழற்றவோ தொடங்கலாம். மற்றையது மூலப்பொருளாகவே கிடைப்பது. களிமண்ணும் ஈர்க்கும் ஓலையும் அவ்வகையின. பனையோலையிற் காற்றாடி செய்து ஓடித் திரிந்த எம்மவர்க்கு இவ்விரண்டாம் வகை நன்கு பழகியதே. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் மூன்றாம் வகையொன்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பல நாடுகளிலும் பரவிற்று. அதில் உறுப்புக்கள் யாவும் அளவாகச் செய்யப்பட்டிருக்கும். ஆனால் ஒன்றோடொன்று பொருத்தப்பட்டிரா. பொருத்தும் வேலை வாங்குபவனுடையது. பிளாஸ்டிக் மாதிரியுருப் பொதி எனப்படுவது இதுவே.

எமது பகுதியில் அஃது அரிய பொருளாயிருந்தது. 1964ஆம் ஆண்டில், இலண்டனிலே தொழில் பார்த்துவந்த என் அம்மான் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, எனக்கும் தமையனாருக்குமாக அத்தகைய பொதியொன்றைக் கொணர்ந்தார். மெல்லியதொரு பை, அதன் வாயை மூடிய தாளிலே ‘ஸ்பிற்பயர்’ விமானத்தின் படம், உள்ளே, காம்பிற் காய்கள் போலச் சட்டகங்களிற் பற்றி நின்ற சிறிய உறுப்புக்கள், அவற்றோடு ஒரு விளக்கத்தாள். விறாந்தையில் அவற்றைப் பரப்பியபோது அருகிலிருந்த எம் பாட்டியார், “இவ்வளவும் செய்தவன் ஒட்டியும் தந்திருக்கலாமே, தம்பி?” என்று அம்மானைக் கேட்டார். அவர் சிரித்தாரேயன்றி மறுமொழி சொல்லவில்லை. அவ்வினா நகைத்து விடுதற்குரியதன்று. இப்பொதியின் வரலாறும் பயனும் அதன் விடையிலேயே அடங்கியுள்ளன.

விமானங்களின் மாதிரியுருக்கள் முதலில் மரத்தாற் செய்யப்பட்டன. 1936ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ‘புறொக்’ என்னும் பெயரிற் பறக்கும் விளையாட்டு விமானங்களை விற்றுவந்த நிறுவனத்தார், பறவாத சிறு மாதிரியுருக்களைப் பிளாஸ்டிக்கில் வார்த்து வெளியிட்டனர். பறவாத பறவையின் பெயராற் ‘பெங்குவின்’ என அவற்றை அழைத்தனர். ஆனால் அவற்றுக்குப் பயன்பட்ட செலுலோசு அசற்றேற்று என்னும் பொருள் காலஞ் செல்லச் செல்ல வளைந்து கோணும் இயல்பினது. போருக்குப் பின்னரே பொலிஸ்ரைரீன் அதனிடத்தைப் பெற்றது.

இத்துறையிற் பெரும்பெயர் பெற்ற ‘எயர்பிக்ஸ்’ நிறுவனத்தை 1939ஆம் ஆண்டில் நிறுவியவர் ஹங்கேரி நாட்டிலிருந்து வந்த நிக்கொலாஸ் கோவ் என்பவர். காற்றூதும் இறப்பர்ப் பொம்மைகளே அவருடைய முதற் சரக்கு. பின்னர்த் தலைசீவும் சீப்புக்களை வார்த்தார். 1940களின் இறுதியிற் பேகுசன் உழவு இயந்திரத்தின் சிறிய மாதிரியுருவொன்றைச் செய்து தரும்படி அந்நிறுவனத்தைக் கேட்டனர். அவ்வியந்திரத்தை விற்கச் செல்லும் முகவர்கள் வாங்குவோர்க்குக் காட்டுதற்காகவே அது வேண்டப்பட்டது. உறுப்புக்களை வார்ப்பது எளிதாயிருந்தது; அவற்றைத் தொழிற்சாலையில் ஆள் வைத்துப் பொருத்துவதே செலவும் தொல்லையுமாயிற்று. ஆகவே பொருத்தாமலே பொதியாக்கி விற்கலாயினர். 1950களின் முற்பகுதியில், டிறேக் என்பார் 1577 முதல் 1580 வரை உலகைச் சுற்றிவந்த ‘கோல்டன் ஹைன்ட்’ என்னும் கப்பலின் பொதி வெளிவந்தது. பெட்டிக்குப் பதிலாகப் பையில் இட்டமையால் விலை குறைந்தது. வூல்வேர்த் கடைகளில் அஃது இரண்டு சிலிங்குக்கு விற்கப்பட்டது. அப்பத்தாண்டின் நடுவில் விமானங்களும் தொடர்ந்தன.

எனவே பாட்டியாரின் வினாவிற்குக் கணக்குப் புத்தகம் தரும் விடை எளியது: ஒட்டித் தந்தால் விலை கூடும். தொழிற்சாலை செலவென்று கருதிக் கைவிட்ட அந்த வேலையே பிள்ளைக்குப் பேறாயிற்று என்பதுதான் நாம் ஆழ்ந்து நோக்கவேண்டியது. அது யாதென அறிதற்கு உறுப்புக்கள் பிறக்கும் வகையை முதலில் அறிதல் வேண்டும்.

1839ஆம் ஆண்டிலே பேர்லின் நகரத்து மருந்துச் சரக்காளர் எட்வேட் சீமோன், மரப்பிசினொன்றிலிருந்து ஸ்ரைரீன் என்னும் நெய்மத்தைப் பிரித்தெடுத்தார். அது நாளடைவில் தடித்து இறுகுவதையும் கண்டார். சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நெடுஞ்சங்கிலிகளாதலே அவ்விறுக்கத்தின் காரணம் என்ற உண்மை நெடுங்காலத்தின் பின்னரே தெளிவாயிற்று. அத்தகைய சங்கிலிகளை ஆராய்ந்த ஸ்ரோடிங்கர் என்னும் செருமானிய அறிஞர் 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார். சூடேற்றினால் இச்சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் பொருள் இளகும். ஆறினால் மீண்டும் இறுகும். ஏறக்குறைய 200 பாகை சென்ரிகிரேட் வெப்பத்தில் இளகிய பொலிஸ்ரைரீனை, இறுக மூடிய இரண்டு உருக்குப் பாளங்களுக்கிடையிலுள்ள வெற்றிடத்தில் மிகுந்த அமுக்கத்தோடு செலுத்துவர். சிறிது நேரத்தில் அஃது ஆறிவிடும், பாளங்கள் விலகும், உறுப்புக்கள் வெளியே தள்ளப்படும். 1872ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹயற் சகோதரர் காப்புரிமை பெற்ற பொறியின் வழிவந்த முறை இது. உறுப்புக்களைப் பற்றி நிற்கும் சட்டகமும் வேறன்று. இளகிய பிளாஸ்டிக் ஓடிவந்த வாய்க்கால்கள் இறுகியமையே அது.

விமானத்தின் உடற்பகுதி ஏன் இடம், வலம் என இரு பாதிகளாக வருகின்றது? வாய் ஒடுங்கிய குடமொன்றை நினைத்துப் பாருங்கள். அதன் உட்புறம் முழுவதையும் நிரப்பி நிற்கும் உருக்குக் கட்டியைக் குடத்தை உடையாது வெளியே எடுத்தல் இயலாது. குடத்தை நெடுக்காக இரண்டாகப் பிளந்து வார்த்தாலோ ஒவ்வொரு பாதியும் அச்சிலிருந்து நேரே கழன்றுவிடும். உட்குழிந்த பொருள்கள் யாவற்றிற்கும் இது பொருந்தும். ஆகவே பொதியிலுள்ள பிளவுகள் பிள்ளைக்கு வேலை கொடுத்தற்காக இடப்பட்டவையல்ல. அச்சின் இயல்பினால் எழுந்தவை. அவ்வாறே உறுப்பின் சுவர்களும் மெல்லியனவாய் இருத்தல் வேண்டும். தடித்தால், ஆறும்போது உட்புறம் சுருங்கி மேற்பரப்பிற் குழி விழும்.

இனிப் பொருத்தும் வேலையைப் பார்ப்போம். விளக்கத்தாளைத் தமையனார் முதலில் முற்றாக வாசித்தார். அதன் பின்னரே சட்டகத்தில் எம்மைக் கைவைக்க விட்டார். காரணம் விரைவில் விளங்கிற்று. விமானியின் உருவையும் இருக்கையையும் உடற்பகுதியின் பாதிகளை மூடுமுன்னரே உள்ளே வைத்தல் வேண்டும். மூடிய பின்னர் அவை நுழையமாட்டா. எது முன், எது பின் என்னும் ஒழுங்கு ஆசிரியர் விதித்ததாக அன்றிப் பொருளே விதித்ததாக எனக்குப் புலப்பட்டது அன்றுதான். உறுப்புக்களை முறித்தெடாது சிறு கத்தியால் அறுத்தெடுத்தோம். காம்பிருந்த தழும்பை அரத்தாற் தேய்த்தோம். பசையிடுமுன் ஒருமுறை வெறுமனே பொருத்திப் பார்த்தோம்.

அப்பசை எமக்குப் புதுமையாயிருந்தது. கடதாசிக்கு இடும் கோந்து இரு பொருள்களுக்கும் நடுவில் நின்று இரண்டையும் பற்றிக் கொள்வது. நனைத்தால் அல்லது உரித்தால் பிரியும். பொலிஸ்ரைரீனுக்குரிய பசையோ ஒரு கரைப்பான். அது தொட்ட இடத்தில் இரு உறுப்புக்களின் மேற்பரப்பும் இளகும்; இளகிய சங்கிலி மூலக்கூறுகள் எல்லை கடந்து ஒன்றிற் கலக்கும்; கரைப்பான் ஆவியானபின் அவ்விடம் ஒரே பொருளாய் இறுகிவிடும். இஃது ஒட்டுதலன்று, இணைந்து ஒன்றாதல். இதிலிருந்து மூன்று விதிகள் பெறப்படுகின்றன. பசை மிகுந்தால் உறுப்பே உருகும். எனவே சிறிதே போதும். கண்ணாடி போன்ற மூடியிற் பட்டால் அது மங்கிவிடும். எனவே விரல் தூய்மையாயிருத்தல் வேண்டும். இறுகுமுன் அசைத்தால் இணைப்புக் கெடும். எனவே பொறுத்தல் வேண்டும். அதன் ஆவி உடலுக்குத் தீங்கானது. காற்றோட்டமுள்ள இடத்திலேயே அதனைத் திறத்தல் தகும்.

உடற்பகுதியின் பாதிகளைச் சேர்த்து இறப்பர்ப் பட்டியால் இறுக்கி ஓரிரவு விட்டுவைத்தோம். அவ்விரவு நீண்டதாயிருந்தது. ஆனாற் காத்திருத்தலும் வேலையின் ஒரு பகுதியே என்று சொற்களாற் கேட்டதை அன்று கையால் அறிந்தோம். மறுநாள் இறக்கைகளைப் பொருத்தினோம். அவற்றின் நுனிகள் சற்று மேல்நோக்கி உயர்ந்திருக்க வேண்டும் என்றது விளக்கத்தாள். பசை இறுகும்வரை இரு நுனிகளின் கீழும் சம உயரமான தீப்பெட்டிகளை வைத்தார் தமையனார். விமானம் ஒருபுறம் சாயும்போது மீண்டும் நேராதற்கு அவ்வுயர்வு உதவுகின்றது என்பதைப் பின்னர் நூல்களிற் படித்தபோது, அச்சாய்வை என் விரல்கள் முன்னரே அறிந்திருந்தன. மிச்செல் என்பார் வகுத்து 1936ஆம் ஆண்டு மார்ச்சு 5ஆம் நாள் முதன்முதற் பறந்த அவ்விமானத்தின் இறக்கை நீள்வட்ட வடிவினது. அதனையும் படத்திற் கண்டதினும் கையிற் பற்றியே நன்குணர்ந்தோம்.

அளவுத்திட்டம் என்பதையும் இப்பொதி கற்பிக்கும். 1:72 என்றால் ஆறடி ஓரங்குலமாகும். ஆறடி மனிதன் ஓரங்குலம் உயரமாவான். 36 அடி 10 அங்குலம் அகன்ற ஸ்பிற்பயர் இறக்கை ஆறங்குலத்திற்குச் சற்று மேலாகச் சுருங்கும். நீளம் 72இல் ஒரு பங்காகும்போது கனவளவு 3,73,248இல் ஒரு பங்காகிவிடுகின்றது என்பதைக் கணக்கிட்டுக் காணும் மாணவன் வியப்படைவான். ஆனால் எல்லாம் அவ்வாறு சுருங்குவதில்லை. ஒரு மில்லிமீற்றர் தடித்த பிளாஸ்டிக் சுவரை 72ஆற் பெருக்கினால் உண்மை விமானத்தின் தோல் 72 மில்லிமீற்றர் தடித்ததாதல் வேண்டும். அத்தகைய விமானம் நிலத்தை விட்டெழாது. மாதிரியுரு எதனை உண்மையாகக் காட்டுகின்றது, எதனைக் காட்ட இயலாது என்று பிரித்தறிதலும் கல்வியே.

இவ்வறிவு விளையாட்டோடு முடிவதன்று. 1942ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர் தம் நாட்டுப் பள்ளி மாணவர்களிடம் 1:72 அளவில் ஐந்து இலட்சம் விமான மாதிரியுருக்களை மரத்திற் செய்து தரும்படி கேட்டனர். வானில் வருவது நம்மவரின் விமானமோ பகைவருடையதோ எனக் கணத்தில் இனங்காணப் படையினரைப் பழக்குதற்கு அவை பயன்பட்டன. 35 அடி தூரத்திலே பிடித்த மாதிரியுரு, ஏறத்தாழ அரை மைல் தூரத்து உண்மை விமானம்போற் தோன்றும். சிறுவனின் அரம் சற்றுப் பிசகினால் உருவம் பொய்யாகும்; உருவம் பொய்யானால் நண்பன்மேற் சுட நேரிடும். அவ்வாண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் யப்பானிய விமானங்களாற் தாக்கப்பட்டதை எண்ணினால், ‘வருவது யாருடையது?’ என்ற வினாவின் கனம் எமக்கும் புரியும்.

போர்விமானத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்தல் தகுமோ என்று ஐயுறுவோரும் உளர். விமான ஒலி கேட்டுப் பதுங்குகுழிக்கு ஓடிய பிள்ளைகள் வளர்ந்து பெற்றோராகியுள்ள எமது மண்ணில் அவ்வையம் நியாயமானதே. அதனைத் தட்டிக்கழித்தல் முறையன்று. ஆனாற் பொருத்துதலாகிய கலை போருக்கு மட்டும் உரியதன்று. எயர்பிக்ஸ் முதலில் வார்த்தது உழவு இயந்திரம். அடுத்துப் புகழ்பெற்றது கப்பல். எதனைச் செய்வது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் தெரிந்தெடுக்கலாம்.

மற்றொரு தடையுங் கூறுவர்: பிறர் வகுத்ததை ஒட்டுவதில் ஆக்கம் எங்கே? தச்சனிடம் பயிலுபவன் முதல்நாளே கதவு வகுப்பதில்லை. ஆசான் கீறிய கோட்டிலே வாளை ஓட்டிப் பழகுகின்றான். இசை பயில்வோன் பிறர் இயற்றிய கீர்த்தனையைப் பாடியே குரலைத் திருத்துகின்றான். ஒழுங்கு, அளவு, பொறுமை என்பன கையில் ஊறிய பின்னரே தனக்கென ஒன்றை வகுக்கும் துணிவு பிறக்கும். தொழிற்சாலை தந்திருக்கக்கூடிய முழு விமானத்தில் இவற்றுள் ஒன்றும் இராது.

அக்காலத்துப் பெருநிறுவனங்கள் பின்னர்த் தளர்ந்தன. புறொக் 1976ஆம் ஆண்டளவில் மறைந்தது. எயர்பிக்ஸ் 1981இல் வீழ்ந்து பல கைமாறி 2006இல் ஹோன்பி நிறுவனத்தைச் சேர்ந்தது. 1960இல் இத்துறையிற் புகுந்த யப்பானின் தமியா முன்னணியில் நிற்கின்றது. பொதிகளின் விலையும் பிள்ளையின் கைக்காசுக்கு எட்டாததாகிவிட்டது.

ஆயினும் மாணவர்களே, பொதி கிடையாதெனக் கலங்க வேண்டியதில்லை. கல்லூரிக் கட்டடத்தை அளவுகோல் கொண்டு அளந்து, 1:72 என்ற கணக்கில் மட்டையிற் கீறி, வெட்டிப் பொருத்திப் பாருங்கள். தூண் எத்தனை அங்குலம், படி எத்தனை என்று கேட்டுக்கொண்டு நாள்தோறும் நடந்த மண்டபத்தை முதன்முறையாகக் காண்பீர்கள். அதனைச் செய்து முடித்தவர்கள் நூலகத்து மேசையிலே வையுங்கள். பின்வருவோர் பிழை கண்டு திருத்தட்டும்.