பீச்சை விட்டால் வேறு போக்கிடம் இல்லையா? சென்னைக்குள்ளேயே ஒரு கோடைச் சுற்றுலா!

சென்னை—

பள்ளிக்கூடம் மூடியாச்சு. கத்திரி வெயிலும் வந்தாச்சு. வீட்டுக்கு வீடு ஒரே பல்லவிதான்: "அப்பா, எங்கேயாவது கூட்டிக்கிட்டுப் போங்கப்பா!"

ஊட்டி, கொடைக்கானல் என்றால் எல்லாராலும் ஆகிற காரியமா? போக வர டிக்கெட், ரூம் வாடகை, சாப்பாடு என்று கணக்குப் போட்டால் குமாஸ்தாவின் ஒரு மாதச் சம்பளம் காலி. கடை வைத்திருப்பவருக்கோ ஷட்டரை இறக்கினால் அன்றைய வியாபாரம் போச்சு.

கடைசியில் அப்பா சொல்லும் பதில் இதுதான்: "பசங்களோட பீச்சுக்குப் போயிட்டு வாடா!"

அங்கேதான் வினை காத்துக்கொண்டிருக்கிறது.

ஒவ்வொரு கோடையிலும் இந்தப் பக்கத்தில் அந்தச் செய்தி வரத்தான் செய்கிறது. நண்பர்களுடன் கடலில் குளித்த மாணவனை ராட்சத அலை இழுத்துச் சென்றது... காப்பாற்றப் போன நண்பனும் பலி... கரையில் தாய் கதறல்... ஊர் மாறும், பெயர் மாறும், செய்தி மட்டும் மாறுவதில்லை. கடல் இல்லாவிட்டால் புறநகரில் தண்ணீர் தேங்கிய கல்குவாரிக் குட்டை.

"இங்கே குளிக்காதீர்கள்" என்று போர்டு இருக்கிறது. போலீசார் விசில் ஊதுகிறார்கள். விரட்டினால் ஓடுகிறார்கள்; போலீஸ் அந்தப் பக்கம் போனதும் மறுபடி தண்ணீரில் இறங்குகிறார்கள்.

பையன்களை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. போவதற்கு வேறு இடம் தெரிந்தால்தானே போவார்கள்? பெரியவர்களுக்கே தெரியாதே! தினமும் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி ஆபீசுக்கு ஓடுகிறவர்களில் எத்தனை பேர் கோட்டைக்குள் இருக்கும் மியூசியத்தை எட்டிப் பார்த்திருக்கிறார்கள்?

இதோ, சென்னைக்குள்ளேயே சில இடங்கள். மின்சார ரயிலில் குறைந்த கட்டணம் 5 ரூபாய். சாதாரணக் கட்டண டவுன் பஸ்சில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணமே கிடையாது. கையில் ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு தொப்பி இருந்தால் போதும். கிளம்பலாம்!

ஒரு நகரம், நாலு கலங்கரை விளக்கு

மெரினாவில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிறதே கலங்கரை விளக்கம், அது சென்னையின் நாலாவது விளக்கு! மற்ற மூன்றும் எங்கே இருந்தன என்று உங்கள் பையனிடம் கேளுங்கள். முழிப்பான். உங்களுக்குத் தெரியுமா?

நாலையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

கோட்டை ஸ்டேஷனில் இறங்குங்கள். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இன்று மியூசியம் இருக்கும் கட்டிடம் ஒரு காலத்தில் வெள்ளைக்கார அதிகாரிகளின் மெஸ். அதன் மாடியில் 1796-ல் எண்ணெய் விளக்கு ஏற்றிக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். அதுதான் முதல் விளக்கு.

மியூசியத்துக்குள்ளும் நுழையுங்கள். 1947 ஆகஸ்டு 15-ந் தேதி இந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியை அங்கே கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பாடப் புத்தகத்தில் படிக்கிற சுதந்திர தினம் கண் முன்னால் நிற்கும். பக்கத்திலேயே 1680-ல் கட்டிய செயின்ட் மேரி சர்ச். ராபர்ட் கிளைவ் கல்யாணம் 1753-ல் நடந்தது இங்கேதான்.

கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் சட்டசபையும் இருப்பதால் வாசலில் சோதனை உண்டு. முகத்தைச் சுளிக்காமல் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போங்கள்.

கோட்டையை விட்டு வடக்கே நடந்தால் ஐகோர்ட். அந்த வளாகத்துக்குள் உயரமான தூண் ஒன்று நிற்கிறது. 1844-ல் எரியத் தொடங்கிய இரண்டாவது விளக்கு அது. பிறகு ஐகோர்ட் கட்டிடம் எழும்பியது. அதன் உயரமான கோபுரத்திலேயே 1894-ல் மூன்றாவது விளக்கை வைத்துவிட்டார்கள். கீழே வக்கீல்கள் வாதாட, மேலே விளக்கு சுற்றியது! கோர்ட்டுக்குள் சும்மா சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். கோபுரத்தைச் சாலையில் நின்றே கண் குளிரப் பார்க்கலாம்.

எம்டன் போட்ட குண்டு

"அவன் சரியான எம்டன்டா!" என்று சொல்கிறோமே, அந்த எம்டன் யார் தெரியுமா? ஆள் இல்லை. ஜெர்மன் போர்க்கப்பல்.

முதல் உலகப் போர் நடந்த 1914-ல், செப்டம்பர் 22-ந் தேதி ராத்திரி, அந்தக் கப்பல் சத்தமில்லாமல் சென்னைக் கரைக்கு வந்து சரமாரியாகக் குண்டு வீசியது. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய் டாங்குகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். கப்பல் வந்த வேகத்தில் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் தமிழில் தங்கிவிட்டது.

குண்டு விழுந்ததற்கு அடையாளமாக ஐகோர்ட் மதில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அதைத் தாண்டித்தான் தினம் ஆயிரக்கணக்கானோர் பஸ்சுக்கு ஓடுகிறார்கள்.

பசிக்கிறதா? பீச் ஸ்டேஷன் பக்கம் போங்கள். பர்மா பஜாரை ஒட்டிய தெருவில் தள்ளுவண்டியில் அத்தோ போடுகிறார்கள். 1960-களில் பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள் கொண்டுவந்த தின்பண்டம் அது. நூடுல்சில் கோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, எலுமிச்சை கலந்து கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே வாழைத்தண்டு சூப்.

லிஃப்டில் ஏறிக் கடலைப் பாருங்கள்

இனி நாலாவது விளக்கு. பீச்சிலிருந்து வேளச்சேரி போகும் பறக்கும் ரயிலில் ஏறி, கலங்கரை விளக்கம் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். இது 1977-ல் வந்தது. பாதுகாப்புக் காரணத்தால் பல வருஷம் பொதுமக்களை உள்ளே விடாமல் இருந்து, 2013-ல் மறுபடி திறந்தார்கள். லிஃப்ட் உண்டு.

மேலேயிருந்து பார்த்தால் மெரினா மணல் எவ்வளவு அகலம் என்பது விளங்கும். இந்த மணல் ஆதியிலிருந்து இருந்ததல்ல. ஒரு காலத்தில் கோட்டைச் சுவர் வரை அலை வந்து அடித்தது! 1870-களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் சுவர் கட்டினார்கள். தெற்கேயிருந்து வடக்கே நீரோட்டம் அடித்துக்கொண்டு போகும் மணல் சுவரில் தடுக்கித் தெற்குப் பக்கம் சேர்ந்தது. மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்தது. ஒரு பக்கம் லாபம், மறு பக்கம் நஷ்டம்.

பிள்ளைக்கு இதையும் அங்கேயே காட்டுங்கள்: கரையில் அடித்த அலைத் தண்ணீர் திரும்பக் கடலுக்குப் போக வேண்டுமல்லவா? அது சில இடங்களில் வாய்க்கால் மாதிரி ஒன்று சேர்ந்து வேகமாக உள்ளே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்வைக்குச் சாந்தமாக இருக்கும். "இங்கே அலையே இல்லை" என்று பையன்கள் இறங்குவது அங்கேதான்!

அந்த ஓட்டத்தில் சிக்கினால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போட்டால் கை ஓய்ந்துவிடும். பதறாமல் மிதக்க வேண்டும். கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். நீந்தத் தெரிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு குறைந்த பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

கரையில் இருப்பவர் பாசத்தில் குதித்துவிடக் கூடாது. ஒரு உயிருக்கு இரண்டு உயிர் போவது அப்படித்தான். கயிறு, மூடிய காலி தண்ணீர் கேன், முடிச்சுப் போட்ட வேட்டி எது கிடைத்தாலும் வீசுங்கள். 112 அல்லது 108-க்குப் போன் செய்யுங்கள்.

தண்ணீர் ஆசை விடவில்லையா? மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் அரசு நீச்சல் வளாகம் இருக்கிறது. அங்கே சேர்த்துவிட்டு நீச்சல் கற்றுக்கொடுங்கள். காலத்துக்கும் உதவும்.

"செத்த காலேஜ்" போயிருக்கிறீர்களா?

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய சென்னைக்காரர்கள் வைத்த பெயர் "செத்த காலேஜ்". மிருகக்காட்சி சாலைக்கு "உயிர் காலேஜ்". உயிர் காலேஜ் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. செத்த காலேஜ் பாந்தியன் ரோட்டிலேயே இருக்கிறது.

1851-ல் ஆரம்பித்த மியூசியம். திமிங்கலத்தின் எலும்புக்கூடு, ஆந்திராவின் அமராவதியிலிருந்து வந்த பௌத்தச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள், திருவாலங்காட்டு நடராஜர் என்று பார்க்க ஒரு பகல் பிடிக்கும். வெயில் மண்டையைப் பிளக்கும் மத்தியான நேரத்துக்கு ஏற்ற இடம். அதே வளாகத்தில் 1896-ல் திறந்த கன்னிமரா நூலகம். புத்தகப் புழு என்றால் பிள்ளையை அங்கிருந்து கிளப்புவதுதான் பெரும்பாடு.

ஊருக்குள்ளே காடு

கிண்டியில் ஒரு நிஜக் காடு இருக்கிறது. சுமார் 2.7 சதுர கிலோ மீட்டர். 1978-ல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். உள்ளே புள்ளிமானும் வெளிமானும் திரிகின்றன. காட்டுக்குள் நம்மை விடமாட்டார்கள். ஓரத்தில் உள்ள சிறுவர் பூங்காவைச் சுற்றிப் பார்க்கலாம்.

அடுத்த வாசல் பாம்புப் பண்ணை. பயப்படாமல் போங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் இந்த நாலும்தான் நம் ஊரில் அதிகம் பேரைக் கடித்துக் கொல்கின்றன. மற்றவற்றில் பெரும்பாலானவை சாதுவானவை.

சினிமாவில் கதாநாயகன் வாய் வைத்து விஷத்தை உறிஞ்சித் துப்புவது சுத்தப் பொய். கத்தியால் கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் ஆபத்து. கடிபட்டவரை நடக்கவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் வைத்தியம். விஷமுறிவு ஊசி அங்கேதான் இருக்கிறது.

வடசென்னைக்கும் வாங்க!

சுற்றுலா என்றால் எல்லாரும் தெற்கே ஓடுகிறார்கள். வடக்கே என்ன குறைச்சல்?

ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ந் தேதி இங்கிருந்துதான் ஆற்காட்டுப் பக்கம் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. பெரிய தூண்களோடு அந்தப் பழைய கட்டிடம் நிற்கிறது.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பதால் இந்தத் தடை. கோடையில் போனால் படகுகளை வரிசையாகக் கட்டி, மராமத்து பார்ப்பதும் வர்ணம் அடிப்பதும் வலை பின்னுவதும் பார்க்கலாம். கோடையில் மீன் விலை ஏன் எகிறுகிறது என்ற ரகசியமும் பிடிபடும். வேலைக்கு இடைஞ்சல் இல்லாமல் ஓரமாக நின்று பாருங்கள்.

ரயில் பைத்தியமான பிள்ளையா? ஐ.சி.எப். பக்கம் ரயில் மியூசியம் இருக்கிறது. பழைய நீராவி என்ஜின்களைத் தொட்டுப் பார்க்கலாம். 1955 முதல் ரயில் பெட்டி கட்டும் ஊர் நம் ஊர் என்பதைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள்.

லீவு நாள் பார்த்துப் போங்க

வெயிலில் அலைந்து பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை லீவு. கிண்டி சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, வண்டலூர் மூன்றும் செவ்வாய்க்கிழமை கிடையாது. கலங்கரை விளக்கமும் ரயில் மியூசியமும் திங்கட்கிழமை கிடையாது. புறப்படும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

காலை 11 மணிக்குள் திறந்தவெளி இடங்களை முடித்துவிட்டு, மத்தியானம் கட்டிடத்துக்குள் நுழைந்துவிடுங்கள். சென்னை வெயிலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2003 மே 31-ந் தேதி 45 டிகிரி அடித்த ஊர் இது. வழியில் நுங்கு, இளநீர், மோர் ஏதாவது குடித்துக்கொண்டே போங்கள்.

பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப் போடவும் வேண்டாம். மூர் மார்க்கெட் எங்கே போகப் போகிறது என்றுதான் அன்றைக்கு எல்லாரும் இருந்தார்கள். 1985-ல் ஒரே தீயில் போய்விட்டது.

வாரத்துக்கு ஒரு இடம் என்று வைத்தாலும் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் பாதி ஊரைப் பார்த்துவிடலாம். பீச்சுக்கும் போங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? காற்று வாங்குங்கள், சுண்டல் சாப்பிடுங்கள். ஆனால் பிள்ளையைத் தனியே அனுப்பாமல் நீங்களும் கூடப் போங்கள். தண்ணீர் அவன் கணுக்காலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.