மனச்சோர்வை அறிய ஒன்பது கேள்விகள்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் வாழை இலை வாங்கப் போகிறோம். காப்பித்தூள் வாங்கப் போகிறோம். நம்மவரைப் பார்த்தால், "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். "சௌக்கியம்" என்று பதில் வருகிறது. பல நாள் தூங்காதவரும் அப்படித்தான் சொல்வார்.

காய்ச்சலை அறியத் தெர்மாமீட்டர் உண்டு. மனச்சோர்வை எப்படி அறிவது?

அதற்குக் கேள்வித்தாள் உண்டு. ஊசி இல்லை, வலி இல்லை. இப்போது கம்ப்யூட்டரிலும் செல்போனிலும்கூட இதற்குப் பதில் சொல்லலாம்.

பி.எச்.கியூ-9 என்பது அப்படி ஒரு கேள்வித்தாள். 2001-இல் அமெரிக்காவில் வெளியானது. தமிழிலும் உண்டு. இதில் 9 கேள்விகள். கடந்த 2 வாரம் நாம் எப்படி இருந்தோம் என்று கேட்கும். தூக்கம் சரியாக வந்ததா? பசி எடுத்ததா? எதிலாவது ஆர்வம் இருந்ததா? கடைசிக் கேள்வி, சாகும் எண்ணம் வந்ததா என்பது.

தொல்லை இல்லவே இல்லை என்றால் 0. சில நாள் இருந்தால் 1. பாதி நாளுக்கு மேல் என்றால் 2. அநேகமாகத் தினமும் என்றால் 3. கம்ப்யூட்டர் கூட்டிச் சொல்லும். மொத்தம் 27. அதில் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாகும் எண்ணம் வந்திருந்தால் கூட்டுத்தொகையைப் பார்க்க வேண்டாம். உடனே உதவி தேட வேண்டும்.

எண் கூடினால் நோய் என்று முடிவு செய்யலாமா? கூடாது. இரத்தசோகை இருந்தாலும் களைப்பு வரும். கம்ப்யூட்டர் கணக்குத்தான் போடும். நோயைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஆந்திராவில் நடந்ததைப் பாருங்கள். மேற்கு கோதாவரி மாவட்டத்தில் 30 பழங்குடி கிராமங்கள். ஆஷா பணியாளர்கள் கையில் டேப்லெட் கருவியுடன் போனார்கள். 5007 பேரிடம் கேள்வி கேட்டார்கள். 238 பேரை மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். அவர்களில் முன்பே மனநல உதவி பெற்றவர்கள் 2 பேர்தான். 3 மாதத்தில் 30 பேர் மருத்துவரிடம் போனார்கள். இந்த முடிவு 2017-இல் வெளியானது.

2 பேர் 30 பேர் ஆனது நல்ல செய்தி. ஆனால் 208 பேர் போகவில்லையே! கேள்வி கேட்டால் மட்டும் போதாது. கூடப் போக ஓர் ஆள் வேண்டும்.

கடையில் பேரம் பேச நமக்குப் பெங்காலி போதும். மனக்கஷ்டத்தைச் சொல்லத் தாய்மொழி வேண்டும். நாமே படித்துப் பதிலைத் தொட்டால் இன்னொரு நன்மையும் உண்டு. அது மாமியார் காதில் விழாது, மகன் காதில் விழாது. பிறர் படித்துக் கேட்டால் உண்மையை மறைக்கத் தோன்றும். படிப்பு இங்கேயும் கைகொடுக்கிறது.

14416 என்ற எண்ணை எழுதி வையுங்கள். இது மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவும் பகலும் பேசலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம். நேரில் போக, கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவ நிறுவனம் இருக்கிறது.

மனச்சோர்வு பைத்தியம் அல்ல. சிகிச்சையால் குணமாகும். பக்கத்து வீட்டு அக்கா போகத் தயங்கினால், "வாங்க, நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.