மயக்கமும் மீட்சியும்

அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாகும் குடும்பத்தினர் அறுவை மருத்துவரின் கைராசியைப் பற்றிப் பத்துப் பேரிடம் விசாரிப்பர். மயக்கமருந்து கொடுப்பவர் யாரென்று கேட்போர் அரிது. சிகிச்சையின் நடுவே உயிர் பிரிந்துவிட்டால் 'அஜல் முடிந்தது' என்று அமைதி கொள்கிறோம். அது ஈமானின் சொல். எனினும் அஸ்பாப் என்னும் காரணங்களை ஆராயும் பொறுப்பிலிருந்து அது நம்மை விடுவிப்பதில்லை.

1978-இல் அமெரிக்காவில் ஜெஃப்ரி கூப்பர் குழுவினர், மயக்கமருந்தின்போது நேர்ந்த, தவிர்த்திருக்கக்கூடிய 359 நிகழ்வுகளை ஆராய்ந்தனர். அவற்றுள் 82 விழுக்காடு மனிதத் தவறுகள். கருவிப் பழுதோ 14 விழுக்காடே. சுவாசக்குழாய் கழன்றிருந்தது, மருந்தூசி மாறிப்போனது என மிக எளிய பிழைகளே அவற்றுள் மிகுதி. மயக்கம் தொடங்கி முடியும்வரை தகுதிபெற்ற ஒருவர் நோயாளியைவிட்டு அகலலாகாது என்னும் விதி, 1986-இல் அமெரிக்க மயக்கவியலாளர் சங்கம் வகுத்த கண்காணிப்பு நெறிகளுள் ஒன்றாயிற்று.

கண்காணிப்பிற்குத் துணையாக வந்தது, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். நுரையீரலில் காற்றோடு கலந்த பின்னரே குருதி இதயத்தின் இடப்பக்கம் சேர்கிறது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே இப்னு நஃபீஸ் எழுதிவிட்டார். அக்குருதி போதிய ஆக்சிஜனைச் சுமக்கிறதா என்பதைத் தோலின் வழியே ஒளி பாய்ச்சித் தொடர்ந்து அறியும் வழியை 1974-இல் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி கண்டார். ஆனால் கருவியும் பிழைபடும். கருந்தோலுடையோரிடம் அது ஆக்சிஜன் அளவை மிகைப்படுத்திக் காட்டுவதுண்டு. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கருவிக்குத் தென்படாத ஆக்சிஜன் குறைபாடு வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மும்மடங்காக இருந்தது. நம் பெண்கள் விரல்நுனியில் இடும் அடர்கறுப்பு மருதாணியும் ஒளியை மறித்துக் கணக்கைக் குழப்பக்கூடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, முதல் மூன்று வாரங்களில் அந்நாளைய சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் மாண்டனர். மயக்கவியலாளர் பியோர்ன் இப்சன் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றூட்டச் செய்தார். இரவும் பகலும் முறைவைத்து அழுத்தியோர் மருத்துவ மாணவர்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஆயினும் காற்றை மிகுதியாகச் செலுத்துவதும் தீங்கே. கடும் நுரையீரல் பாதிப்புற்ற 861 பேரிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வில், வழக்கமான காற்றளவில் ஏறத்தாழப் பாதியே செலுத்தியபோது இறப்பு 39.8 விழுக்காட்டிலிருந்து 31 ஆகக் குறைந்தது.

நோயாளியின் வயது, இதயநிலை, நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவற்றுக்கும் பெரும்பங்கு உண்டு. பெரியவர்கள் முன்னிலையில் சிகரெட்டை மறைக்கும் இளைஞர் மயக்கவியலாளரிடமும் அதை மறைத்துவிடுகிறார். உட்கொள்ளும் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் ஒன்றுவிடாமல் கூறல் வேண்டும். வயிற்றில் உணவிருந்தால் மயக்கத்தில் அது மேலெழுந்து நுரையீரலுள் புகலாம். பட்டினி கேட்பது அதனால்தான். இது நோன்பன்று; ஸஹர் தொட்டுத் தண்ணீரையும் விலக்க வேண்டியதில்லை. மருத்துவர் வேறு கூறாதவிடத்து, எளிய உணவுக்கு ஆறுமணி நேரமும் தெளிந்த நீருக்கு இரண்டு மணி நேரமும் இடைவெளி போதும்.