வெயிலா, சுரப்பியா?

சுங்கை சிப்புட்டில் பத்து வயதுப் பையன் வியர்த்துக் கொட்டி, தலை வலிக்கிறது என்று வந்து படுத்தால் வீட்டில் முதலில் வெயிலைத்தான் திட்டுவோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் நிழலில் இருக்கும்போதும் தலைவலி, வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து விட்டுவிட்டு வந்தால், கிளினிக்கில் பிள்ளைக்கு இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இந்த வயதில் அழுத்தமா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

அரிதாக, குற்றவாளி அட்ரினல் சுரப்பியாக இருக்கும். சிறுநீரகத்தின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் இது, பெரியவர்களுக்கே ஏறக்குறைய ஐந்து கிராம்தான். அதன் உட்பகுதியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி வளர்ந்தால் அட்ரினலின் வகை ஹார்மோன்கள் கணக்கில்லாமல் இரத்தத்தில் கலக்கும். சிறுநீர், இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். பிறகு ஸ்கேன், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, தேவைப்பட்டால் கோலாலம்பூர்.

உடனே கத்தி வைக்க மாட்டார்கள். கட்டியைத் தொட்டாலே ஹார்மோன் பீறிட்டு அழுத்தம் தாறுமாறாக ஏறும். ஆகவே இரண்டு வாரம்போல ஆல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து இரத்தக் குழாய்களைத் தளர்த்தி வைப்பார்கள். அறுவையன்று அறுவை மருத்துவரைவிட மயக்க நிபுணருக்குத்தான் அதிகச் சோதனை என்பது என் எண்ணம்.

1992இல் கனடாவின் மொன்ட்ரியல் மருத்துவர் மிஷேல் கான்யே, வயிற்றை நீளமாகக் கிழிக்காமல் லேப்ராஸ்கோப்பியில் இந்தச் சுரப்பியை எடுத்ததை அறிவித்தார். அது பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் கருவிகள், மூன்று நான்கு துளைகள். உள்ளே இடம் உண்டாக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு வாயுவின் அழுத்தத்தையும் குறைத்தே வைப்பார்கள். இல்லாவிட்டால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டும். வலப்பக்கம்தான் பயம். அங்கே சுரப்பியின் சிரை மிகக் குட்டை; நேராகக் கீழ்ப்பெருஞ்சிரையில் போய்ச் சேரும். அது கிழிந்தால் வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். இடப்பக்கச் சிரை சற்று நீளம், கிளிப் போட இடம் கிடைக்கும்.

வடு சிறிதாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் சிறு குழந்தைகளுக்கு அட்ரினலில் அதிகம் வருவது நியூரோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டி. அது பெரிய இரத்தக் குழாய்களைச் சுற்றிப் படர்ந்திருந்தால் துளை வழி ஆபத்து. சுரப்பியின் வெளிப்பகுதியான புறணியில் வரும் புற்றின் உறை கிழிந்தால் செல்கள் வயிறெங்கும் சிதறும். அதற்கும் திறந்த அறுவையே நல்லது. பச்சிளங்குழந்தைகள் சிலருக்கோ நியூரோபிளாஸ்டோமா தானாகவே கரைந்துவிடும் என்பதால், சிறியதாக இருந்தால் ஸ்கேனில் கண்காணித்தாலே போதும்.

ஒரு சுரப்பி போனாலும் மற்றது ஈடுகொடுக்கும். இரண்டும் போனால் ஆயுளுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை. ஃபியோகுரோமோசைட்டோமா பிள்ளைகளுக்கு வரும்போது பெரும்பாலும் பரம்பரை வழி வருவதால், பையன் தேறி வீட்டுக்கு வந்தபின் அண்ணன் தங்கைக்கும், அப்பா அம்மாவுக்கும் பரிசோதனை எழுதிக்கொடுப்பார்கள்.